சிபிஜி (விரல் நுனி ரத்தச் சர்க்கரை) எண்ணும் ஆளும் ஒத்துப்போகாதபோது: வார்டு நர்ஸுகளுக்கான பிழை நீக்கும் வழிமுறை

புதிதாக வரும் ஸ்டாஃப் நர்ஸுக்கு குளுக்கோமீட்டர் சொல்லிக்கொடுப்பது பெரும்பாலும் கால் மணி நேரத்தில் முடிந்துவிடுகிறது. ஸ்ட்ரிப்பைச் செருகு, விரலில் குத்து, ரத்தத்தைக் காட்டு, எண் வரும், சார்ட்டில் எழுது. எல்லாம் ஒழுங்காக நடக்கிற நாளுக்கு இது போதும். ஆனால் நைட் டூட்டியில் ஏழாம் கட்டில் அம்மாவுக்கு 412 வருகிறது, அவரோ மருமகளிடம் போனில் சாதாரணமாகப் பேசிக்கொண்டிருக்கிறார் என்றால் என்ன செய்வது? டாக்டரைக் கூப்பிடுவதா, மறுபடி குத்துவதா, சார்ட்டில் எழுதியிருக்கிற இன்சுலினைப் போட்டுவிடுவதா? இதை யாரும் சொல்லித்தருவதில்லை. பல வருடமாக வார்டில் இந்தப் பயிற்சியைக் கொடுத்துவருகிறேன். இப்போதெல்லாம் வகுப்பைக் கோளாறிலிருந்தே தொடங்குகிறேன். கீழே இருப்பது அந்த வரிசைதான். உங்களுக்கு வந்திருக்கும் சிக்கல் எதுவோ, அந்தத் தலைப்புக்கு நேராகப் போய்விடலாம்.

அதற்கு முன் ஒன்று மட்டும். நோயாளி வியர்த்துக் கொட்டுகிறார், உளறுகிறார், கூப்பிட்டால் சரியாகப் பதில் இல்லை என்றால் மீட்டரைச் சோதித்துக்கொண்டு நிற்காதீர்கள். டூட்டி டாக்டருக்குச் சொல்லுங்கள். லோ சுகருக்கு உங்கள் மருத்துவமனையில் எழுதிவைத்திருக்கும் முறைப்படி உடனே தொடங்குங்கள். மீட்டரை அப்புறம் பார்த்துக்கொள்ளலாம்.

எண் மிக அதிகம், ஆள் நன்றாக இருக்கிறார்

முதலில் அவருடைய கையைப் பாருங்கள்.

ஒரு பலாப்பழ சீசனில் நடந்தது இது. அறுபதைத் தாண்டிய ஐயா ஒருவர், காலையில் 150ஐ ஒட்டி இருந்தவர், மாலையில் 386. என்னுடன் இருந்த பயிற்சி நர்ஸ் ஸ்லைடிங் ஸ்கேலை, அதாவது எந்த எண்ணுக்கு எவ்வளவு இன்சுலின் என்ற அட்டவணையைப் பார்த்து இன்சுலினைச் சிரிஞ்சில் ஏற்றியே விட்டார். “கொஞ்சம் இரும்மா” என்று நிறுத்தி, ஐயாவின் விரலைத் தொட்டுப் பார்த்தேன். பிசுபிசுவென்று ஒட்டியது. பேரன் கொண்டுவந்த பழத்தை அவர் ஒரு வாய்கூடச் சாப்பிடவில்லை. சுளையைப் பிரித்து, கொட்டையை எடுத்துவிட்டு, பேரனுக்கு ஊட்டிக்கொண்டிருந்திருக்கிறார். சோப்பு போட்டுக் கையைக் கழுவி, ஈரம் போகத் துடைத்து, வேறு விரலில் பார்த்தோம். 158. சிரிஞ்சில் இருந்த இன்சுலின் உள்ளே போயிருந்தால் அந்த இரவு எப்படிப் போயிருக்கும் என்பதை அந்தப் பெண்ணுக்கு நான் விளக்க வேண்டியிருக்கவில்லை.

“ஸ்பிரிட் பஞ்சு வச்சு நல்லாத்தானே துடைச்சேன் சிஸ்டர்” என்றார். உண்மைதான், துடைத்திருந்தார். ஆனால் சர்க்கரை தண்ணீரில் கரைகிற மாதிரி ஸ்பிரிட்டில் கரையாது. 2011ல் ஜப்பானில் இதையே சோதித்துப் பார்த்தார்கள். ஆரஞ்சு, திராட்சை, கிவி உரித்த விரலில் நேராகக் குத்தினால் எண் தாறுமாறாக ஏறியது. ஸ்பிரிட்டால் துடைத்த பிறகும் இறங்கவில்லை. குழாய்த் தண்ணீரில் கழுவியதும் சரியாக வந்தது. வகுப்பில் இதை வாயால் சொல்லாமல் செய்தே காட்டுங்கள். ஒருவர் வாழைப்பழத்தை உரித்துப் பிசைந்துவிட்டுத் தன் விரலில் பார்க்கட்டும். அப்புறம் ஸ்பிரிட்டால் துடைத்து இன்னொரு தடவை, கழுவிவிட்டு மூன்றாம் தடவை. மூன்று ஸ்ட்ரிப் செலவாகும். அந்த மூன்று எண்ணையும் பலகையில் எழுதிப் பார்த்தவர் பிறகு கை கழுவாமல் சிபிஜி பார்ப்பதில்லை. படுக்கையிலிருந்து எழ முடியாதவருக்கு, தண்ணீரில் நனைத்த பஞ்சால் துடைத்து, உலர்ந்த பஞ்சால் ஒற்றி எடுங்கள். அதற்கும் வழியில்லை என்றால் முதல் சொட்டைத் துடைத்துவிட்டு இரண்டாம் சொட்டில் பாருங்கள்.

கை சுத்தம் என்றால் அடுத்தது ட்ரிப். 5 சதவீத டெக்ஸ்ட்ரோஸ் ஏறுகிற கையிலேயே குத்திவிட்டீர்களா? கணக்கைப் பாருங்கள். 100 மில்லியில் 5 கிராம், அதாவது டெசிலிட்டருக்கு 5,000 மில்லிகிராம். நோயாளியின் உண்மையான சர்க்கரை 100 என்று வையுங்கள். எடுத்த ரத்தத்தில் பத்தில் ஒரு பங்கு இந்தத் திரவம் கலந்தால் எண் 590 ஆகிவிடும். லைனிலிருந்து ரத்தம் எடுத்துச் சொட்டு வைக்கிற ஐசியூக்களில் இந்த ஆபத்து இன்னும் அதிகம். மறு கையில் குத்துங்கள். இரண்டு கையிலும் ட்ரிப் இருந்தால் டாக்டரிடம் சொல்லி எங்கே எடுப்பது என்று கேட்டுக்கொள்ளுங்கள்.

மூன்றாவது, ரத்தசோகை. நம் வார்டுகளில் இதைத்தான் அதிகம் மறக்கிறோம். சிவப்பணு குறைந்த ரத்தத்தில் பெரும்பாலான மீட்டர்கள் உண்மையைவிடக் கூட்டிக் காட்டும். ஒவ்வொரு ஸ்ட்ரிப் பெட்டிக்குள்ளும் இருக்கும் தாளில் எந்த பிசிவி (ரத்தத்தில் சிவப்பணுக்களின் சதவீதம்) வரம்புக்குள் அது சரியாக வேலை செய்யும் என்று அச்சிட்டிருப்பார்கள். ஹீமோகுளோபினை மூன்றால் பெருக்கினால் பிசிவி ஏறக்குறைய வந்துவிடும். ஹீமோகுளோபின் 6 உள்ள கர்ப்பிணிக்கு பிசிவி 18. பல மீட்டர்களின் கீழ் வரம்பே 20, 25, 30 என்றுதான் இருக்கிறது. அந்தப் பெண்ணின் சிபிஜியை வைத்து இன்சுலின் முடிவு எடுக்கக் கூடாது. சிரை ரத்தம் எடுத்து லேபுக்கு அனுப்பச் சொல்லிக் கேளுங்கள். புதிய நர்ஸ் இதை டாக்டரிடம் சொல்லத் தயங்குவார். “ஹெச்பி ஆறு சார், மீட்டர் கூட்டிக் காட்டலாம், லேபுக்கு அனுப்பட்டுமா?” என்று ஒரே வாக்கியமாகச் சொல்லப் பழக்கிவிடுங்கள்.

வயிற்று வழி டயாலிசிஸ் செய்துகொள்பவர் என்றால் எந்தத் திரவம் என்று கேளுங்கள். அந்தத் திரவங்களில் ஒன்றான ஐகோடெக்ஸ்ட்ரின் உடலுக்குள் மால்டோஸ் என்ற வேறொரு சர்க்கரையாக உடைகிறது. ஜிடிஹெச்-பிக்யூக்யூ என்ற என்சைம் உள்ள ஸ்ட்ரிப்புக்கு மால்டோஸும் குளுக்கோஸும் ஒன்றுதான். உண்மையில் சர்க்கரை தாழ்ந்து கிடக்கும்போதும் எண் உயர்ந்து நிற்கும். 2009 ஆகஸ்டில் அமெரிக்காவின் மருந்துக் கட்டுப்பாட்டு அமைப்பான எஃப்டிஏ இதைப் பற்றி எச்சரிக்கை விட்டது. 1997 முதல் அதுவரை இந்த வகை ஸ்ட்ரிப்போடு தொடர்புடையதாக 13 மரணங்கள் அதற்குத் தெரியவந்திருந்தன. உங்கள் வார்டு ஸ்ட்ரிப்பில் என்ன என்சைம் என்பது பெட்டித் தாளில் இருக்கும். இன்றைக்கே படித்து, மீட்டர் வைக்கும் இடத்தில் எழுதி ஒட்டிவிடுங்கள். அதிக அளவு வைட்டமின் சி ஊசி போகிறவர்களுக்கும் பல மீட்டர்கள் கூட்டிக் காட்டும்.

இத்தனையும் பார்த்த பிறகும் எண் அதேதான் என்றால் அது உண்மை. ‘ஆள் நன்றாகத்தானே இருக்கிறார்’ என்று விட்டுவிடாதீர்கள். 400 இருந்தும் ஒன்றும் தெரியாமல் நடமாடுகிறவர்கள் உண்டு.

எண் மிகக் குறைவு, ஆள் நன்றாக இருக்கிறார்

இங்கே வரிசை மாறுகிறது. மேலே சொன்ன தலைப்பில் முதலில் சந்தேகம், பிறகு சிகிச்சை. இங்கே 70க்குக் கீழே வந்தால் முதலில் நம்புங்கள். விழிப்போடு இருந்து விழுங்க முடிகிறவருக்கு மூன்று டீஸ்பூன் குளுக்கோஸ் பவுடரோ சர்க்கரையோ தண்ணீரில் கரைத்துக் குடிக்கக் கொடுத்துவிட்டுத்தான் மறு சோதனை. நீண்ட நாள் சர்க்கரை நோயாளிகள் பலருக்குத் தாழ்சர்க்கரையின் அடையாளமே தெரியாது. பீட்டா பிளாக்கர் (பிபி, இதய நோய்க்கான) மாத்திரை சாப்பிடுகிறவருக்குப் படபடப்பும் கை நடுக்கமும் வராமல் போகலாம். 54க்குக் கீழே என்றால் டாக்டருக்குச் சொல்வதில் ஒரு நிமிடமும் தாமதம் வேண்டாம்.

மறு சோதனையில் பார்க்க வேண்டியவை இவை. ஸ்பிரிட் காய்வதற்குள் குத்தினீர்களா? ஈரம் சொட்டோடு கலந்து எண்ணைக் கெடுக்கும். காயும்வரை நில்லுங்கள், வாயால் ஊதாதீர்கள். விரல் நுனியைப் பிதுக்கினீர்களா? பிதுக்கும்போது திசுநீர் கலந்து ரத்தம் நீர்த்துப்போகிறது. சொட்டு வெளிறியிருந்தால் அதுவே அடையாளம். நோயாளியின் கை சில்லென்று இருக்கிறதா, பிபி குறைந்திருக்கிறதா? அப்படியானால் விரல் நுனி ரத்தம் உடம்பின் ரத்தத்தைச் சொல்லாது. எண் கூடவும் வரலாம், குறையவும் வரலாம். லேபுக்கு அனுப்புவதுதான் வழி.

பிறந்த குழந்தைகளுக்கு பிசிவி இயல்பாகவே அதிகம், 60ஐத் தாண்டுவதும் உண்டு. அதனால் மீட்டர் குறைத்துக் காட்டும் வாய்ப்பு இருக்கிறது. பச்சிளம் குழந்தைக்குப் பயன்படுத்தலாம் என்று தாளில் தெளிவாகப் போட்டிருக்கிற மீட்டர்தானா என்று பாருங்கள். குத்துவது குதிகாலின் பக்கவாட்டில், நடுவில் கூடாது. குறைந்த எண் வந்தால் லேபில் உறுதிசெய்ய ரத்தம் அனுப்புங்கள், ஆனால் அந்த ரிசல்ட்டுக்காகச் சிகிச்சையை நிறுத்திவைக்க வேண்டாம்.

இன்னொன்று, குளுக்கோஸ் ஆக்ஸிடேஸ் என்ற என்சைம் உள்ள ஸ்ட்ரிப். இதற்கு ஆக்ஸிஜனோடு வேலை. ஆக்ஸிஜன் அதிகமாக ஓடுகிற நோயாளியின் தமனி ரத்தத்தில் குறைத்துக் காட்டலாம். ஐசியூ நர்ஸுகள் இதை நினைவில் வைக்க வேண்டும்.

எண் நார்மல், ஆள் சரியில்லை

எனக்கு மிகவும் பயம் தருவது இதுதான். 400 வந்தால் நாலு பேர் ஓடி வருவார்கள். 118 வந்தால் ‘சுகர் நார்மல்’ என்று எழுதிவிட்டு எல்லாரும் வேறு காரணம் தேடப் போய்விடுவார்கள். ஆனால் மேலே சொன்ன எல்லாக் காரணமும் இங்கேயும் ஒளிந்திருக்கலாம். மயக்கமாக வந்தவரின் வாயில், உடன் வந்தவர் சர்க்கரைத் தண்ணீர் ஊற்ற முயன்றிருப்பார், அது கையிலும் வழிந்திருக்கும். ஹீமோகுளோபின் 5 இருக்கும். 118 என்று காட்டுகிற இடத்தில் உண்மை எவ்வளவோ கீழே இருக்கலாம்.

கழுவிய வேறு கை, வேறு ஸ்ட்ரிப், முடிந்தால் வேறு மீட்டர். கூடவே சிரை ரத்தம் லேபுக்கு. டாக்டரிடம் சொல்லும்போது எண்ணை மட்டும் சொல்லாமல், “118 காட்டுது சார், ஆனா ஆள் வியர்த்திருக்கார், காலையில இன்சுலின் போட்டுட்டு சாப்பிடலை” என்று முழுதாகச் சொல்லுங்கள். அந்த இரண்டாம் பாதியில்தான் நோயாளியின் உயிர் இருக்கிறது.

ரத்தம் போதவில்லை, எரர் வருகிறது

எரர் எண்கள் கம்பெனிக்குக் கம்பெனி மாறும், மனப்பாடம் செய்ய வேண்டாம். பெரும்பாலும் காரணம் சொட்டு சிறியது. பாதி நிரம்பிய ஸ்ட்ரிப்பில் மேலும் ஒரு சொட்டு வைத்து ஒப்பேற்றாதீர்கள், அப்படிச் செய்யலாம் என்று உங்கள் மீட்டரின் தாள் சொன்னால் ஒழிய. புது ஸ்ட்ரிப் எடுங்கள். ஸ்ட்ரிப் விலை தெரியும். தப்பான எண்ணின் விலை அதைவிடப் பெரியது.

சொட்டு நன்றாக வர வேண்டுமென்றால் குத்துவதற்கு முன்பே வேலை செய்யுங்கள். வெதுவெதுப்பான தண்ணீரில் கழுவச் சொல்லுங்கள். கையைக் கட்டிலுக்குக் கீழே அரை நிமிடம் தொங்கவிடுங்கள். நடுவிரல் அல்லது மோதிர விரல், நுனியின் பக்கவாட்டில். நட்டநடுவில் குத்தினால் வலியும் அதிகம், நாளைக்கு அந்தத் தாத்தா கையை நீட்டவும் மாட்டார். குத்திய பிறகு விரலின் அடியிலிருந்து மெதுவாக நீவி, விட்டு, மறுபடி நீவுங்கள். ஸ்ட்ரிப்பின் வாயைச் சொட்டின் ஓரத்தில் தொட்டால் போதும், தானாக இழுத்துக்கொள்ளும். ஸ்ட்ரிப்பை விரலில் அழுத்தித் தேய்க்கிற பழக்கம் பலருக்கு இருக்கிறது. வாய் அடைத்துக்கொண்டு எரர் வருவதற்கு அதுவே காரணம்.

விரலில் குத்தும் லான்செட் தீர்ந்துபோனால் சில வார்டுகளில் சாதாரண ஊசியை எடுக்கிறார்கள். ஆழம் கைக்கு அகப்படாது. இண்டென்ட் (தேவைப் பட்டியல்) போடும்போதே ஸ்ட்ரிப்பும் லான்செட்டும் ஒரே எண்ணிக்கையில் வருகிறதா என்று பார்த்துக்கொண்டால் இந்த நிலை வராது.

மீட்டர் எழவே இல்லை

ஸ்ட்ரிப் தலைகீழாகப் போயிருக்கும், அல்லது முழுதாகச் செருகியிருக்க மாட்டீர்கள். அதுவும் இல்லை என்றால் பேட்டரி. ஸ்ட்ரிப் போகும் துளையில் ரத்தமோ ஸ்பிரிட்டோ புகுந்திருந்தால் மீட்டரைப் பயோமெடிக்கல் பிரிவுக்குக் கொடுத்துவிடுங்கள், ஊசியால் குடையாதீர்கள். ஏசி காற்று நேராக அடிக்கிற இடத்தில் வைத்த மீட்டர் சூடு போதவில்லை என்று நிற்கலாம். அறை வெப்பத்தில் சிறிது நேரம் வைத்தால் சரியாகிவிடும்.

எண்ணுக்குப் பதில் ‘ஹை’ அல்லது ‘லோ’

இது பழுது இல்லை. மீட்டரால் அளக்க முடிகிற எல்லையைத் தாண்டிவிட்டது என்று பொருள். பல மீட்டர்களில் மேல் எல்லை 600, கீழ் எல்லை 20 அல்லது 10. கை கழுவி ஒரு முறை பார்க்கலாம், ஆனால் டாக்டருக்குச் சொல்வதை அதற்காகத் தள்ளிப்போட வேண்டாம். சார்ட்டில் 600 என்று எழுதாதீர்கள். ‘ஹை’ என்று வந்ததை ‘ஹை’ என்றே எழுதுங்கள், உண்மையில் அது 900 ஆகவும் இருக்கலாம்.

லேப் ரிசல்ட்டோடு ஒத்துப்போகவில்லை

மீட்டர் 236, லேப் 210. உடனே மீட்டர் கெட்டுவிட்டது என்று மூலையில் வைத்துவிடுகிறோம். ஐஎஸ்ஓ 15197 என்ற தரவிதியின் 2013 பதிப்புப்படி, 100க்குக் கீழே 15 மில்லிகிராம் முன்பின், 100க்கு மேலே 15 சதவீதம் முன்பின், இதற்குள் 95 சதவீத அளவீடுகள் விழுந்தால் அந்த மீட்டர் தேர்ச்சி. 210க்கும் 236க்கும் வித்தியாசம் 12 சதவீதம்தான். சரியாகவே வேலை செய்கிறது.

வித்தியாசம் அதைவிட அதிகமா? இரண்டு ரத்தமும் எந்த நேரத்தில் எடுத்தவை என்று கேளுங்கள். அரை மணி நேர இடைவெளியே போதும் எண் மாற. சாப்பிட்ட பிறகு விரல் ரத்தத்தில் சிரை ரத்தத்தைவிடச் சர்க்கரை கூடுதலாகவே இருக்கும், 20 சதவீதத்துக்கும் மேல் போவதுண்டு. ஒப்பிட வேண்டுமென்றால் வெறும் வயிற்றில், சில நிமிட இடைவெளிக்குள் இரண்டையும் எடுங்கள்.

அப்புறம் லேபுக்கு ரத்தம் எடுத்து வைக்கும் டியூபின் கதை. எடுத்து வைத்த ரத்தத்தில் அணுக்கள் சர்க்கரையைத் தின்றுகொண்டே இருக்கும். அறை வெப்பத்தில் மணிக்கு 5 முதல் 7 சதவீதம் குறையும். 200 இருந்த ரத்தம் இரண்டு மணி நேரம் கவுண்டரில் கிடந்தால் 175 பக்கம் வந்துவிடும். சாம்பல் நிற மூடிக் குழாயில் இருக்கும் ஃப்ளோரைடு இதைத் தடுக்கிறது, ஆனால் முழுதாகப் பிடிக்க ஒன்றிரண்டு மணி நேரம் ஆகும். ஆகவே எடுத்ததும் அனுப்புங்கள். பல சமயம் மீட்டர்தான் சரி, தாமதமாகப் போன ரத்தம்தான் தப்பு.

‘மீட்டர் எண்ணோடு பத்து சதவீதம் கூட்டிக்கொள்’ என்று சில சீனியர்கள் இன்னும் சொல்லிக்கொடுக்கிறார்கள். பழைய மீட்டர்கள் முழு ரத்த அளவைக் காட்டின, அப்போது அது பொருந்தியது. இன்றைய மீட்டர்கள் பிளாஸ்மா (அணுக்கள் நீங்கிய ரத்தத் திரவம்) அளவுக்கு மாற்றியே காட்டுகின்றன. எதையும் கூட்டாதீர்கள்.

வார்டு முழுக்க எண் ஒரு பக்கமாகச் சாய்கிறது

ஒருவருக்கு மட்டும் என்றால் நோயாளியிடம் தேடலாம். காலை ரவுண்டில் எட்டுப் பேருக்கும் வழக்கத்தைவிட ஏறியோ இறங்கியோ வந்தால் ஸ்ட்ரிப் டப்பாவைப் பாருங்கள். நான் முதலில் பார்ப்பது மூடி. அவசரத்தில் மூடியைத் திறந்து ட்ரேயில் கவிழ்த்து வைத்துவிட்டுக் கட்டில் கட்டிலாகப் போகிறோம். டப்பாவுக்குள் ஈரத்தை உறிஞ்சுகிற பொருள் இருப்பதே அந்த என்சைமைக் காப்பாற்றத்தான். ஐப்பசி, கார்த்திகை அடைமழையில் வார்டுக் காற்றே ஈரமாக இருக்கும்போது திறந்த டப்பா சீக்கிரம் வீணாகிவிடும். ஒரு ஸ்ட்ரிப்பை எடுத்ததும் ‘டக்’ என்று சத்தம் வரும்படி மூடுங்கள். திறந்த தேதியை டப்பாமேல் எழுதுங்கள். திறந்த பிறகு எத்தனை மாதம் தாங்கும் என்பது லேபிளில் இருக்கும், சிலவற்றுக்கு மூன்று மாதம்தான். மீதி ஸ்ட்ரிப்பை இன்னொரு டப்பாவில் கொட்டி ஒன்றாக்காதீர்கள்.

ஸ்ட்ரிப் டப்பாவின் குறியீட்டு எண்ணைப் பதிய வேண்டிய பழைய மீட்டர் என்றால் டப்பாவில் உள்ள அந்த எண்ணும் திரையில் வருவதும் ஒன்றா என்று பாருங்கள். எல்லாருக்கும் 5.6, 7.8, 9.1 என்று வருகிறதா? யூனிட் மில்லிமோலுக்கு மாறிவிட்டது. 18ஆல் பெருக்கினால் நமக்குப் பழகிய எண் வரும், 5.6 என்பது 101. புள்ளியைக் கவனிக்காமல் அதை 56 என்று படித்து டெக்ஸ்ட்ரோஸ் ஏற்றிவிடும் ஆபத்து உண்மையானது. பெருக்கிக்கொண்டே ஓட்டாதீர்கள், மீட்டரை எடுத்து வைத்துவிட்டு யூனிட்டை மாற்றிய பிறகே பயன்படுத்துங்கள்.

சந்தேகத்தைத் தீர்க்க இருக்கவே இருக்கிறது கண்ட்ரோல் சொல்யூஷன், அதாவது சர்க்கரை அளவு முன்பே தெரிந்த சோதனைத் திரவம். பாட்டிலைக் குலுக்குங்கள், முதல் சொட்டைத் துடைத்துவிடுங்கள், அடுத்த சொட்டைச் சுத்தமான பரப்பில் வைத்து ஸ்ட்ரிப்பால் தொடுங்கள். வரும் எண் ஸ்ட்ரிப் டப்பாவில் அச்சிட்டிருக்கும் வரம்புக்குள் வர வேண்டும். வராவிட்டால் புது டப்பாவில் ஒரு முறை, அதிலும் வராவிட்டால் மீட்டரை ஒதுக்குங்கள். புது டப்பா திறக்கும்போதும் மீட்டர் கீழே விழுந்தாலும் இந்தச் சோதனை வேண்டும். கண்ட்ரோல் பாட்டிலிலும் திறந்த தேதி எழுத மறக்காதீர்கள்.

மீட்டரில் காய்ந்த ரத்தம்

இதைச் சுத்தப் பிரச்சினை என்று மட்டும் பார்க்காதீர்கள். ஹெபடைட்டிஸ் பி வைரஸ் காய்ந்த பரப்பில் குறைந்தது ஏழு நாள் உயிரோடு இருக்கும். பேனா மாதிரியான குத்தும் கருவியை ஒருவருக்கு மேல் பயன்படுத்தவே கூடாது என்று அமெரிக்காவின் நோய்க் கட்டுப்பாட்டு மையமான சிடிசி 2010ல் திட்டவட்டமாகச் சொன்னது. உள்ளே ஊசியை மாற்றினாலும் கூடாது, அந்தக் கருவி வீட்டில் ஒருவர் தனக்கென்று வைத்துக்கொள்வதற்கானது. வார்டில் ஒருமுறை குத்தியதும் தானே பூட்டிக்கொள்ளும் லான்செட்தான். குத்தியதும் நேராக ஷார்ப்ஸ் பாக்ஸ். ஒவ்வொரு நோயாளிக்கும் புது கிளவுஸ், ஒவ்வொரு கட்டிலுக்குப் பிறகும் கம்பெனி சொன்ன கிருமிநாசினியால் மீட்டரைத் துடைத்து, காயவிட்டு, அடுத்த கட்டில்.

சார்ட்டில் இருப்பதும் மெமரியில் இருப்பதும் வேறு

பேட்டரி மாற்றியதும் தேதியும் நேரமும் திரும்பிப்போயிருக்கும், சரிசெய்துவிடுங்கள். அதைவிட முக்கியமானது, எட்டுப் பேருக்குப் பார்த்துவிட்டுக் கடைசியில் மேசையில் உட்கார்ந்து நினைவிலிருந்து எழுதுவது. ஒன்பதாம் கட்டில் எண் பத்தாம் கட்டிலுக்குப் போனால் இன்சுலினும் அங்கேதான் போகும். கட்டிலருகே பெயரைக் கேட்டு, கைப்பட்டையைப் பார்த்து, குத்தி, அங்கேயே நின்று எண்ணையும் நேரத்தையும் எந்தக் கை என்பதையும் எழுதுங்கள். மறு சோதனை செய்திருந்தால் இரண்டு எண்ணையும் எழுதுங்கள். ‘386, கை கழுவிய பின் 158’ என்று இருந்தால், காலையில் ஹேண்ட் ஓவர் எடுக்கிறவருக்கு இரவு நடந்தது என்ன என்று கேட்காமலே தெரிந்துவிடும்.